உயரமும் திசையுமா, வல ஏற்றமும் விலக்கமுமா? நம் ஊர் வானத்துக்கு எது ஒத்துவரும்

ஒரு நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதல் வழி, நாம் நிற்கும் இடத்தை வைத்துச் சொல்வது: அடிவானத்திலிருந்து எத்தனை பாகை மேலே, வடக்கிலிருந்து எத்தனை பாகை தள்ளி. உயரக் கோணம், திசைக்கோணம் என்று இவற்றுக்குப் பெயர். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் பேச்சில் இது 'ஆல்ட்-அஸ்'. இரண்டாவது வழி, பூமியின் அச்சை வைத்துச் சொல்வது: வல ஏற்றம், விலக்கம். வல ஏற்றம் வானத்தின் தீர்க்கரேகை மாதிரி, மணி-நிமிடத்தில் சொல்வார்கள். விலக்கம் வானத்தின் அட்சரேகை மாதிரி, வடக்கே அல்லது தெற்கே இத்தனை பாகை என்று சொல்வார்கள். பேச்சில் 'ஆர்.ஏ., டெக்'. கடையில் வாங்கும் தொலைநோக்கியின் மவுண்டும் (குழாயைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) பெரும்பாலும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். ஆல்ட்-அஸ் மவுண்ட் மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும். ஈக்வடோரியல் மவுண்டின் ஒரு அச்சு துருவத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும்.

எதை வாங்கலாம் என்று தேடினால் கிடைக்கும் பதில்களில் பல 40, 50 பாகை அட்சரேகையில் வாழ்பவர்களின் வானத்துக்கு எழுதப்பட்டவை. சென்னை 13 பாகையில் இருக்கிறது, கன்னியாகுமரி 8 பாகையில். இங்கே இரண்டு முறைகளின் பலமும் பலவீனமும் வேறு மாதிரி அமைகின்றன. அதனால்தான் இந்த ஒப்பீட்டை நம் ஊர் எண்களை வைத்தே செய்யலாம் என்று நினைக்கிறேன்.

முஷ்டிக் கணக்கு

உயரக் கோணத்தை அளக்கக் கருவியே வேண்டாம். கையை முழுக்க நீட்டினால் மூடிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5, சுண்டுவிரல் 1. 'தென்கிழக்கில் மூன்று முஷ்டி உயரத்தில் பார்' என்றால் பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். பிள்ளையின் கை சிறியதுதான், ஆனால் நீட்டிய கையின் நீளமும் அதற்கேற்பக் குறைவு என்பதால் கணக்கு பெரிதாகப் பிசகாது. திசைக்கோணம் வடக்கை 0 என்று வைத்து, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்று சுற்றி வருகிறது. சில பழைய கணித நூல்கள் தெற்கிலிருந்து எண்ணும், அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வதேச விண்வெளி நிலையம் போல ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும் பொருள்களுக்கு இந்த முறைதான் சரி. எந்தத் திசையில் தோன்றும், எவ்வளவு உயரம் ஏறும், எங்கே மறையும் என்ற மூன்று தகவல் போதும்.

குறை என்னவென்றால், இந்த எண்கள் சீக்கிரம் காலாவதியாகிவிடும். வானம் மணிக்கு 15 பாகை, அதாவது நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. போதாததற்கு, சென்னைக்குக் கணக்கிட்ட எண் மதுரைக்கு மூன்று பாகைக்கு மேலும் தள்ளிப்போகலாம்.

வல ஏற்றத்துக்கும் விலக்கத்துக்கும் இந்தத் தொல்லை கிடையாது. நட்சத்திரத்தோடு சேர்ந்தே அந்தக் கட்டமும் சுழல்வதால், எந்த ஊருக்கும் எந்த மணிக்கும் ஒரே எண்தான். பூமியின் அச்சு மெல்ல ஆடுவதால் சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை நகரும். பட்டியல்களில் 2000-ஆம் ஆண்டுக்கான எண் என்று போட்டிருப்பது அதற்காகத்தான். வெறுங்கண்ணால் பார்ப்பவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதே இல்லை. ஆனால் மொட்டைமாடியில் நின்றுகொண்டு '13 மணி 27 நிமிடம், தெற்கே 47.5 பாகை' என்று படித்தால் எந்தப் பக்கம் திரும்புவது?

ஒரு கழித்தல் போதும்

இரண்டு முறைகளையும் இணைக்கும் கணக்கு எளிது. உச்சி வழியாக வடக்கு-தெற்காக ஒரு கோடு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நட்சத்திரம் அந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான் அதிக உயரத்தில் இருக்கும். ஊரின் அட்சரேகைக்கும் நட்சத்திரத்தின் விலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 90-லிருந்து கழித்தால் அந்த உயரம் கிடைத்துவிடும். அகத்தியர் நட்சத்திரத்தின் விலக்கம் தெற்கே 52.7. சென்னை வடக்கே 13.1. ஒன்று தெற்கு, மற்றது வடக்கு என்பதால் இரண்டையும் கூட்டினால்தான் வித்தியாசம்: 65.8, ஆக உயரம் 24 பாகை, நேர் தெற்கில். லண்டனுக்கு (51.5) இதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் 100-ஐத் தாண்டுகிறது. அங்கே அது உதிப்பதே கிடையாது.

இப்போது அந்த '13 மணி 27 நிமிட'த்துக்கு வருவோம். அது ஒமேகா சென்டாரி, நம் பால்வழியின் மிகப் பெரிய கோளக் கொத்து, அதாவது உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம். வட ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத பாக்கியம் இது. சித்திரை நட்சத்திரத்தின் வல ஏற்றம் 13 மணி 25 நிமிடம். அதாவது இரண்டும் இரண்டு நிமிட இடைவெளியில் தெற்குக் கோட்டைத் தாண்டுகின்றன. மே மாதத் தொடக்கத்தில் இரவு 11 மணி வாக்கில் சித்திரை நேர் தெற்கில், சென்னையில் 65 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். அதைத் தொலைநோக்கியில் பிடியுங்கள். இடம் வலம் அசைக்காமல், குழாயை நேராக 36 பாகை கீழே இறக்குங்கள். 29 பாகை உயரத்தில் ஐபீஸுக்குள் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) மங்கலாக, உருண்டையாக ஒரு பூச்சு வந்து நிற்கும். நகர வெளிச்சத்தில் அது சாம்பல் கறை மாதிரிதான் தெரியும். கண் பழகிய பின் ஓரங்கள் பொடிப்பொடியாக உடையும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடே கிடையாது.

அந்த 36 பாகையை எப்படி அளப்பது? தச்சர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் வைத்திருக்கும் டிஜிட்டல் ஆங்கிள் கேஜைக் குழாயின் மேல் ஒட்டவைத்தால் பத்தில் ஒரு பாகை வரை காட்டும். டாப்சோனியனின் (பலகைமேல் சுழலும் எளிய ஆல்ட்-அஸ் தொலைநோக்கி) அடிப்பலகையில் 360 பாகை அச்சிட்ட காகித வட்டத்தை ஒட்டிக்கொண்டால் திசைக்கோணமும் தயார். ஆனால் முதலில் ரசமட்டம் வைத்து அடிப்பலகையைச் சமப்படுத்த வேண்டும். அது சாய்ந்திருந்தால் இரண்டு எண்களுமே பொய் சொல்லும். காகித வட்டத்தை ஒரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய, அதிக உயரத்தில் இல்லாத நட்சத்திரமாகத் தேர்ந்தெடுங்கள். மேலே போகப் போகத் திசைக்கோணத்தின் ஒரு பாகை வானில் சுருங்கிக்கொண்டே வரும், 65 பாகை உயரத்தில் அது அரைப் பாகைக்கும் குறைவு. அங்கே செய்யும் சின்னப் பிசகு கீழே இறங்கும்போது பெரிதாகிவிடும்.

அலைபேசிச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை தரும் எண்கள் துல்லியமானவை. அலைபேசிக்குள் இருக்கும் காந்த உணரியைத்தான் நம்ப முடியாது. தூண்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, காந்தம் வைத்த உறை, இரும்புக் கைப்பிடி என எதுவும் அதைத் திருப்பிவிடும். ஸ்டெல்லேரியம் போன்ற செயலியில் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, திசையை ஒரு நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்ப்பதே மேல்.

தலைக்கு மேல் வரும் சிக்கல்

ஆல்ட்-அஸ் மவுண்டின் உண்மையான பலவீனம் உச்சிக்கு அருகில்தான் தெரியும். நம் ஊரில் மகம் நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அது உச்சிக்கு ஒரு பாகைக்குச் சற்று மேல் தெற்கே கடக்கிறது. உதிக்கும்போது திசைக்கோணம் 78. அடுத்த ஐந்து மணி நேரத்தில் ஏறக்குறைய நேராக மேலே ஏறி, 93-க்குத்தான் வருகிறது. உச்சம் தொட 10 நிமிடம் இருக்கும்போது 116. உச்சம் தாண்டி 10 நிமிடத்தில் 244. ஐந்து மணி நேரத்தில் 15 பாகை, பிறகு 20 நிமிடத்தில் 128 பாகை! கையால் தள்ளும் டாப்சோனியனில் இந்த நேரத்தில் குழாய் நட்டக்குத்தாக நிற்கும், தள்ளப் பிடிமானம் கிடைக்காது. திருவாதிரை, ரோகிணி, சுவாதி எல்லாமே நமக்கு 80 பாகைக்கு மேல் ஏறுபவை என்பதால், இதை நாம் அடிக்கடி சந்திப்போம். ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ பார்த்துவிட்டால் தீர்ந்தது.

ஈக்வடோரியல் மவுண்டுக்கு உச்சி ஒரு பொருட்டே இல்லை. ஒரே அச்சை ஒரே வேகத்தில் சுழற்றினால் போதும். ஆனால் அந்த அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டுமே! துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய ஊரின் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் ஒன்றே கால் முஷ்டி, கன்னியாகுமரியில் ஒரு முஷ்டிகூடக் கிடையாது. அந்த உயரத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் தென்னையும் தூசியும்தான் இருக்கும். 15 பாகைக்குக் கீழே சாய்க்கவே முடியாத மவுண்டுகளும் சந்தையில் உண்டு, வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ஊட்டி மலைச்சரிவு

அச்சைச் சாய்ப்பதில் உள்ள சிரமத்தை மிக அழகாகத் தீர்த்த இடம் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் இருக்கிறது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் எழுந்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை வடக்கு-தெற்காகச் சரியும் ஒரு மலைச்சரிவில் கட்டினார்கள். சரிவு சுமார் 11 பாகை, அந்த இடத்தின் அட்சரேகையும் 11 பாகைதான். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒரே அச்சில் சுழன்றே ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர முடிகிறது. விலக்கத்தைச் சமாளிக்க இரும்பு அசையத் தேவையில்லை, 1056 இருமுனை ஏரியல்களின் சமிக்ஞைகளை மின்னணு முறையில் சரிசெய்தாலே போதும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதையே வசதியாக்கிக்கொண்ட பொறியியல் இது. நம் மண்ணில் இப்படி ஒன்று இருப்பது எனக்குப் பெரிய பெருமை.

அதே ஸ்வரூப் முன்னின்று புனே அருகே அமைத்த ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுப்பின் 45 மீட்டர் தட்டுகள் முப்பதும் ஆல்ட்-அஸ். ஒளித் தொலைநோக்கிகளிலும் இதே போக்குதான். காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஈக்வடோரியல், 2016-இல் வந்த, உத்தராகண்டின் தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் ஆல்ட்-அஸ். 1975-இல் சோவியத் யூனியனின் 6 மீட்டர் தொலைநோக்கி கணினியின் உதவியோடு ஆல்ட்-அஸில் இயங்கிக் காட்டியது. அதன் பிறகு சாய்ந்த அச்சில் பெரும் பாரத்தைத் தாங்கும் தலைவலி மெல்ல மெல்லத் தேவைப்படாமல் போனது.

என் தேர்வு

கண்ணால் பார்க்க நினைக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு நான் தயங்காமல் சொல்வது ஆல்ட்-அஸ்தான். ரசமட்டம், ஆங்கிள் கேஜ், காகித வட்டம் போதும், செலவும் குறைவு. பார்த்ததைக் குறித்து வைக்கும்போது மட்டும் வல ஏற்றத்தையும் விலக்கத்தையும் எழுதுங்கள். அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தாலும் அந்த எண் பயன்படும்.

நீண்ட நேரம் திறந்துவைத்துப் படம் எடுப்பவர்களுக்கு ஈக்வடோரியல் இன்னும் மேல். ஆல்ட்-அஸில் நட்சத்திரம் நடுவில் நின்றாலும் சுற்றியுள்ள காட்சி மெல்லச் சுழலும். ஆனால் இங்கேயும் நம் அட்சரேகை கைகொடுக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட நேராக ஏறி இறங்குவதால் அங்கே சுழற்சி குறைவு. பொங்கல் சமயத்தில் சென்னையில் ஓரியன் நெபுலா மாலை 7 மணி வாக்கில் கிழக்கே 42 பாகை உயரத்தில் இருக்கும், அப்போது சுழற்சி மணிக்கு ஏழு பாகைக்கும் குறைவு. 10 மணிக்கு 71 பாகை உயரத்தில் தெற்குக் கோட்டைத் தாண்டும்போது அதே சுழற்சி மணிக்கு 46 பாகை. ஆகவே ஆல்ட்-அஸில் எடுப்பவர்கள் இருட்டியதும் தொடங்கி எட்டரை மணிக்குள் முடித்துக்கொண்டு, பிறகு நள்ளிரவு தாண்டி அது மேற்கே இறங்கும்போது மீண்டும் எடுக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் கேமராவைக் கழற்றிவிட்டு ஐபீஸைப் போடுங்கள்.