நேபிள்ஸ் அருங்காட்சியகம்: வெண்கலச் சிலைகளுக்காகவே போகலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இத்தாலியின் நேபிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை. எங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு இது தெரியவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பீட்சா சாப்பிட்டுத் திரும்பினோம். மறுநாள் போய் நாலு மணி நேரம் இருந்தேன், அதில் பாதி நேரம் பப்பைரஸ் மாளிகைச் சிலைகளோடுதான்.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற ரோமானிய ஊரில் புதைந்துபோன பெரும் பணக்காரர் வீடு அது. 1750-இல் கிணறு தோண்டப்போய்த் தட்டுப்பட்டிருக்கிறது. அப்புறம் சுரங்கம் போட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் 80-க்கும் மேற்பட்ட சிலைகள், பெரும்பாலானவை வெண்கலம்! மண்ணுக்கு மேலே கிடந்திருந்தால் யாராவது எப்போதோ உருக்கியிருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது உட்கார்ந்திருக்கும் ஹெர்மிஸ், கிரேக்கர்களின் தூதுக் கடவுள். பாறைமேல் அமர்ந்து இளைப்பாறும் பையன், கணுக்காலில் சிறகு. எல்லாரும் முகத்தைப் படம் எடுத்துவிட்டு நகர்கிறார்கள். கொஞ்சம் குனிந்து நீட்டிய காலின் அடிப்பாதத்தைப் பாருங்கள், செருப்பு வாரைப் பூட்டும் பூ வடிவக் குமிழ் உள்ளங்காலில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தரையில் ஓரடி எடுத்து வைக்க முடியாது, ஆள் பறக்கத்தான் முடியும். பக்கத்தில் ஓட்டக்காரர் இருவர், கண்ணைத் தனியாகப் பதித்திருப்பதால் நேராக முறைப்பதுபோல் இருக்கிறது, சத்தியமாக இரண்டடி பின்னால் நகர்ந்தேன். குடித்துவிட்டுத் தோல்பையில் சாய்ந்து விரலைச் சொடுக்கும் சாட்டிர் (கிரேக்கக் கதைகளில் வரும் காட்டுத் தேவன்), அந்த மாளிகைத் தோட்டத்துக் குளத்தின் ஓரமாக இருந்ததாம். விருந்துக்கு வந்தவர்கள் ரசித்திருப்பார்கள்.

அதே வெடிப்பில் புதைந்த பொம்பெயி நகரத்தின் நடனமாடும் ஃபான் (ரோமானியர்களின் காட்டுத் தேவன்) மட்டும் கொஞ்சம் ஏமாற்றம், படத்தைப் பார்த்து ஆளுயரம் என்று நினைத்துவிட்டேன், உயரம் வெறும் 71 செ.மீ. ஆனால் பொம்பெயிக்குப் போய் அந்தச் சிலை கிடைத்த வீட்டு முற்றத்தில் மழைநீர்த் தொட்டி நடுவே நிற்கும் நகலைப் பார்த்தபோதுதான் அளவு சரியென்று பட்டது. வாசலில் நுழைகிறவன் கண்ணில் பட அது போதும். அதனால் முதலில் பொம்பெயி, ஹெர்குலேனியம், பிறகு அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். பொம்பெயியில் 1925-இல் கிடைத்த இளைஞன் சிலையை வீட்டுக்காரர் விளக்குத் தாங்கியாகவே வைத்திருந்தாராம், அவ்வளவு அழகான சிலையை!

ஒன்று கவனியுங்கள், பப்பைரஸ் மாளிகை வெண்கலச் சிலைகளின் கருநிறம் ரோமானியர் காலத்தது இல்லை, 18-ஆம் நூற்றாண்டில் சீரமைத்தவர்கள் பூசியது. புதிதாக இருந்தபோது இவை பொன்போல் மின்னியிருக்கும். சிலைகளை மட்டும் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், காலையிலேயே போய்விடுங்கள்.