ஒன்றேகால் அடியைத் தின்ற விளிம்பு: ஒரு வரைபட மென்பொருளுடன் நான்கு ஆண்டுகள்

அம்மாப்பேட்டையில் புதிதாக அலுவலகம் திறந்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் அழைத்து, கட்டட வரைபடங்கள் வரைய நான் பயன்படுத்தும் மென்பொருளின் ஆண்டுக் கட்டணம் குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டார். கோடு போடுவதிலும், லேயர் எனும் அடுக்குகளாகப் பிரிப்பதிலும், பிளாக் எனும் ஆயத்த உருவங்களை வைப்பதிலும், டிடபிள்யூஜி என்ற வரைபடக் கோப்பு வகையில் இயங்கும் மென்பொருள்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பது அவருக்கே தெரியும். ஆகையால் நான்கு ஆண்டுகளாக என் பொறுமையைச் சோதித்துவரும் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: தாளின் அளவும், அதில் வரைபடத்தை உட்கார வைக்கும் முறையும். குறை சொல்லப்போவதால் மென்பொருளின் பெயரைத் தவிர்க்கிறேன். நண்பருக்கு அது தெரியும்.

லேஅவுட்டை, அதாவது அச்சிடப் போகும் தாளைக் காட்டும் பக்கத்தை, திறந்தால் வெள்ளைத் தாளும், அதற்குள் விட்டுவிட்டு ஓடும் கோட்டால் ஆன ஒரு சட்டமும் தெரியும். அச்சுப்பொறியால் மை பதிக்க முடிந்த எல்லை அது. என் ஏ3 பிரிண்டருக்கு அது நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. வில்லங்கம் என்னவென்றால், இந்த மென்பொருளின் கணக்கில் 0,0 என்னும் தொடக்கப் புள்ளி தாளின் மூலை அன்று, அந்தச் சட்டத்தின் மூலை. 420 x 297 என்று முறையாக வரைந்து வைத்த டைட்டில் பிளாக்கை (தாளின் சட்டமும் விவரக் கட்டமும்) 0,0 இல் செருகினால், அது வலப்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் 5 மில்லிமீட்டர் தாளைத் தாண்டி நிற்கும். அச்சில் ஓரம் வெட்டுப்படும். மாலை ஆறு மணிக்குள் வரைபடம் கொடுக்க வேண்டியவன் அப்போது என்ன செய்வான்? தாளுக்குள் அடக்கும் 'ஃபிட் டு பேப்பர்' கட்டத்தில் டிக் போடுவான். நானும் போட்டேன்.

அது ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய வீட்டை விரிவாக்கும் வேலை. அளவு 1:100, முகப்பு 12 மீட்டர், ஆகவே தாளில் 120 மில்லிமீட்டர். சரிவான மனை என்பதால் கீழ்ப்பக்கம் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். அது வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வரும் என்று எழுதாமல் விட்டது என் பிழை. மேஸ்திரி தாளில் ஸ்கேலை வைத்து அளந்து, நூறால் பெருக்கி, சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டார். பிறகு ஏதோ உறுத்தி, முகப்பையும் அளந்து பார்த்துவிட்டு என்னை அழைத்தார். "சார், நீங்க 12 மீட்டர்னு எழுதியிருக்கீங்க. ஸ்கேல் வெச்சா 116 தானுங்க வருது. ஒன்னேகால் அடி எங்கங்க போச்சு?"

எங்கே போயிற்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 297 மில்லிமீட்டர் உயரத்தை 287-க்குள் அடக்க, மென்பொருள் எல்லாவற்றையும் 0.966 மடங்காகச் சுருக்கியது. 120 மில்லிமீட்டர் 116 ஆனது. தரையில் அது 40 சென்டிமீட்டர். தாளின் கீழ்மூலையில் 'அளவு 1:100' என்ற எழுத்தும் கூடவே சுருங்கி, ஒன்றுமே நடவாதது போல நின்றிருந்தது. எழுதிய அளவே செல்லும், தாளில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது என்பது நாங்கள் படித்த பாடம்தான். மூடுபனியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் அதைச் சொல்வது நியாயமாகப் படவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போய், பேனாவால் திருத்திக் கையெழுத்திட்டுவிட்டு இறங்கினேன்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விளிம்பு பூஜ்யமாக உள்ள ஏ3 தாளை நாமே உருவாக்கி, அளவை 1:1 என்று வைத்து, முதலில் பிடிஎஃப் ஆக எடுத்தால் 0,0 தாளின் மூலைக்கே வந்துவிடும். வரைபடத்தாள்களுக்கான ஐஎஸ் 10711 தரப்படி எப்படியும் ஓரத்தில் இடம் விட்டுத்தான் சட்டம் வரைகிறோம் என்பதால், பிரிண்டரின் விளிம்பில் நம் கோடு எதுவும் மாட்டாது. இவ்வளவு எளிய ஏற்பாட்டை மென்பொருள் தானாகச் செய்யாமல், புதிய லேஅவுட் ஒவ்வொன்றையும் அமெரிக்க லெட்டர் தாளில், 8.5 x 11 அங்குலத்தில், திறந்து வைக்கிறது. சேலத்தில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் அந்தத் தாளை நான் கண்டதில்லை.

ஏ வரிசைத் தாள்களின் நீள அகல விகிதம் எல்லா அளவிலும் ஒன்றே என்பதால், ஏ1 தாளை ஏ3-க்குச் சுருக்கினால் எல்லாம் சரிபாதியாகும். 1:100 வரைபடம் 1:200 ஆகி, ஸ்கேல் வைத்து அளக்கும்படியே இருக்கும். ஏ2-ஐ ஏ3 ஆக்கினால் 1:141 வரும், அதற்கு எந்தக் கடையிலும் ஸ்கேல் கிடைக்காது. லெட்டர் தாளுக்கு விகிதமே வேறு; நம் சட்டம் அதில் பொருந்தி உட்காராது.

நியாயமாகச் சொன்னால், இதே பகுதியில்தான் இந்த மென்பொருள் என்னை மகிழ்வித்தும் இருக்கிறது. பேஜ் செட்டப்பை (தாள் அமைப்பை) ஒருமுறை சரியாகச் செய்து பெயரிட்டுச் சேமித்தால், வேறு கோப்புக்கும் அதை இழுத்துக்கொள்ளலாம். சென்ற மாதம் 14 தாள்களை ஒரே கட்டளையில் பிடிஎஃப் ஆக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒரே தாளில் மனைப்படம் 1:200, தரைத்தளம் 1:100, வெட்டுத்தோற்றம் 1:50 என்று மூன்று வியூபோர்ட்களை, அதாவது வரைபடத்தைக் காட்டும் சாளரங்களை, வைத்துப் பூட்டிவிட்டால், மவுஸ் சக்கரத்தை எப்படி உருட்டினாலும் அளவு அசையாது. மீட்டரில் வரைபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: பட்டியலில் 1:100 என்பதைத் தேர்ந்தால் 12 மீட்டர் முகப்பு 0.12 மில்லிமீட்டர் தூசியாகிவிடும். தாள் மில்லிமீட்டரில் இருப்பதால் 1:100-க்கு 10 மடங்கு, 1:50-க்கு 20, 1:200-க்கு 5 என்று நாமே கொடுக்க வேண்டும். பழகிய பின் இந்த வசதி இல்லாமல் வேலை ஓடாது.

பிடிஎஃப் சரியாக இருந்தும், சென்ற செவ்வாயன்று பெரிய தாள்களை அச்சிடும் பிளாட்டர் கடையில் இருந்த பையன் அச்சிடும்போது திரையில் வரும் பெட்டியில் மீண்டும் 'ஃபிட்' தேர்ந்து மூன்று ஏ1 தாள்களைப் பாழாக்கினான். அவன் மீது தவறில்லை, பெட்டி அப்படித்தான் திறந்தது. இப்போது ஒவ்வொரு தாளின் கீழும் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து வைக்கிறேன். கடை மேசையிலேயே எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன். செவ்வாய் மாலை நண்பர் மறுபடி அழைத்தபோது, வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். என்னுடையதை மறுநாள் காலையில் புதுப்பித்தேன், அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.