பெரிய நாய்க்கு ஹரியர் ஹைபிரிட்: திருகோணமலையில் சில வருடப் பாவனை அனுபவம்

எங்கள் புரூனோ ஒரு அல்சேஷன். நிறை 38 கிலோ. அவனை மனதில் வைத்துத்தான் 2021 இல் ஒரு 2014 ஆம் ஆண்டு டொயோட்டா ஹரியர் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் எஸ்யூவி) வாங்கினோம். ஜப்பானில் ஓடி, பிறகு இங்கேயும் ஒருவர் கையில் ஓடிய வாகனம். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், நாட்டுக்குள் இருந்த வாகனங்களில்தான் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. அதே காசுக்கு வயது குறைந்த சின்னக் கார் கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் பெரிய நாய் வைத்திருப்பவருக்கு விலைகூடிய வாகனத்தில் காசு போக வேண்டிய இடம் குளிரும், குலுக்காத அமைதியான ஓட்டமும்தான் என்று அப்போதே நினைத்தேன். இத்தனை காலம் பாவித்த பிறகும் அதையே சொல்வேன். லெதர் இருக்கை, கூரைக் கண்ணாடி, பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் இதெல்லாம் நாய்க்கு உதவாதவை. வெளிர்நிற உள்பக்கம் என்றால் வாங்கவே வேண்டாம்.

பார்க்கப் போகும்போது அளவுநாடா கொண்டுபோனேன். டிக்கி எத்தனை லீற்றர் என்ற கணக்கு நாய்க்குப் பயன்படாது. மூக்கிலிருந்து வாலடி வரை நீளம், நிற்கும்போது தலை உயரம் இரண்டையும் வீட்டிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வாகனத்தில் உள் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது, டிக்கிக் கதவு வாயின் உயரத்தையும் அளக்க வேண்டும். பின்கண்ணாடி சரிந்திருக்கும் வாகனங்களில் நாய் உள்ளே போனபின் நிற்கும், ஆனால் நுழையும்போது தலை இடிக்கும். ஹரியரும் பின்பக்கம் சரிவான வாகனம்தான். அதனால் நாங்கள் பின் ஆசனத்தின் ஒரு பக்கத்தை மடித்து, டிக்கியையும் அதையும் ஒரே தளமாக்கி வைத்திருக்கிறோம். புரூனோ நீட்டிப் படுப்பான், மகள் மற்றப் பக்கம் இருப்பாள்.

சரி, வெயில். இங்கே மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும்போது 35 பாகையைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான், சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்பால். அதன் உடல் வெப்பமே 38, 39 பாகை. 41 ஐத் தாண்டினால் உயிராபத்து. மூடிய கார் பத்து நிமிடத்தில் எவ்வளவு சூடாகும் என்று பார்க்க, மத்தியானம் அநுராதபுரச் சந்தியில் நிறுத்திவிட்டு ஒரு பாண் வாங்கி வந்து கதவைத் திறந்தாலே தெரியும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதனால் பெரிய வித்தியாசம் வராது.

ஹைபிரிட்டைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் இதுதான். இதில் ஏசி கம்பிரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, எஞ்சின் பெல்ற்றில் இல்லை. வாகனம் நிற்கும்போதும் குளிர் குறையாது. பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாக உறுமி, ஏற்றிவிட்டு, திரும்ப அடங்கும். மருந்துக்கடையில் வரிசை நீண்டால் மனைவி உள்ளே இருப்பார், புரூனோ நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்திருப்பான். ஆள் இல்லாமல் அவனைத் தனியே விடுவதில்லை. மூடிய கராஜுக்குள் இப்படி ஓடவிடவும் கூடாது, எஞ்சின் எந்த நேரமும் புகையோடு எழும்பும்.

அதே ஹைபிரிட்டில் நாய் வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விற்பவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய பற்றரி பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. அது சூடாகாமலிருக்க ஒரு சின்ன விசிறி வாகனத்துக்குள் இருக்கும் குளிர்காற்றையே இழுத்துப் பற்றரிக்கு அனுப்புகிறது. அந்தக் காற்று போகும் வாய், பின் ஆசனத்தில் இருப்பவரின் காலடிப் பக்கம். அல்சேஷனின் உள்மயிர் உதிரும் காலத்தில் மயிர் எங்கே போகும்? நேரே அங்கேதான். எங்கள் மெக்கானிக் தம்பி முதல் சேர்விசிலேயே அந்த மூடியைக் கழற்றி வலையைக் காட்டினார். தலையணைப் பஞ்சுபோல ஒரு கட்டி, நடுவில் நிலாவெளி மணல். "அண்ணன், இந்த வாயை மூடினா பற்றரிக்கு மூச்சு முட்டும். பிறகு லட்சக்கணக்கில போகும்" என்றார். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை வக்யூம் பிடிக்கிறோம். பின் ஆசனத்துக்குத் தொட்டில்போலக் கட்டும் நாய் விரிப்புகள் கடைகளில் வருகின்றன. அழகானவைதான், ஆனால் அவற்றின் மடிப்பு அந்த வாயை மறைக்கும். நாங்கள் விரிப்பின் முன்பக்கத்தை அளந்து வெட்டித் தைத்துக்கொண்டோம். பின் ஆசனத்தடியிலிருந்து விசிறிச் சத்தம் வழமையைவிடக் கூடுதலாகக் கேட்டால் உடனே பார்க்க வேண்டும்.

நீண்ட ஓட்டத்துக்கு வாகனம் எப்படி என்று கேட்டால், பேராதனைக்குப் போய் வருவதை வைத்துச் சொல்லலாம். புரூனோவுக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சினை. அல்சேஷன், லாப்ரடோர் போன்ற பெரிய இனங்களுக்கு அடிக்கடி வருவது. இங்கே பார்க்கும் மிருக வைத்தியர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழி. ஹபரணை வரை பாதை நேர், ஆனால் யானை கடக்கும் இடங்கள். திடீர் பிரேக் எப்போதும் எதிர்பார்க்கலாம். 38 கிலோ நாய் கட்டப்படாமல் இருந்தால் முன் ஆசனத்துக்கு வந்து மோதும், அவனுக்கும் நமக்கும் ஆபத்து. நெஞ்சுப் பட்டி போட்டு சீற்பெல்ற் கொக்கியில் மாட்டுகிறோம், கழுத்துப் பட்டியில் ஒருநாளும் இல்லை. முன் ஆசனங்களுக்குப் பின்னால் ஊர் வெல்டிங் கடையில் செய்த கம்பித் தடுப்பும் இருக்கிறது. தம்புள்ளைக்குப் பிறகு வளைவுகள். முந்திய சின்ன வாகனத்தில் நாலந்தை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். இதில் அது அரிது. சஸ்பென்ஷன் மென்மை, உள்ளே சத்தம் குறைவு, அதோடு புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துகிறோம். மூன்றில் எது எவ்வளவு உதவுகிறது என்று பிரிக்க முடியாது. ஆனால் அவன் கட்டுகஸ்தோட்டை நெரிசலிலும் தூங்குவதைப் பார்க்கும்போது கொடுத்த காசு மனதை உறுத்துவதில்லை.

வயதான நாய்க்கு எஸ்யூவியின் குறை, டிக்கித் தளத்தின் உயரம். இளவயதில் ஒரே தாவு. இப்போது இடுப்பு விடாது. தச்சு வேலை செய்யும் அயலவர் ஒரு ஒட்டுப்பலகையில் சாய்தளம் அடித்து, மேலே தும்புக் கம்பளம் ஒட்டித் தந்தார். வெறும் பலகையில் நகம் வழுக்கியதும் புரூனோ திரும்பிப் போய்விட்டான். தும்பில் கால் பிடித்ததும் மெதுவாக ஏறினான். இறங்கும்போது பட்டியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. ஏற்கெனவே வயதான நாய் என்றால் தளம் தாழ்ந்த வாகனத்தைப் பாருங்கள், அது சாதாரண வாகன் ரகக் காராக இருந்தாலும் சரி.

கடற்கரைக்குப் போகாத நாய் திருகோணமலையில் இருக்காது. உப்புத் தண்ணீர் ஊறிய மயிரோடு ஏற்றினால் தரைக் கம்பளம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், கீழே தகரம் அரிக்கும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ குளித்தால் ஒரு கேன் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துத்தான் ஏற்றுவோம். விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டும் போட்டிருக்கிறோம்.

செலவு? பெற்றோல் நீளப் பாதையில் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் அளவில் வருகிறது, ஊருக்குள் கொஞ்சம் குறையும். 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கியபோது இந்த அளவு கைகொடுத்தது. சேர்விஸ் இங்கேயே முடிகிறது. ஹைபிரிட் தெரிந்த கராஜ் ஊரில் இருப்பது பெரிய ஆறுதல். சில ஐரோப்பிய வாகனங்கள் உள்ளே இன்னும் அமைதி, ஆனால் ஒரு சென்சருக்குக்கூட கொழும்பு போக வேண்டி வருமே என்று விட்டுவிட்டேன்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது, இப்போது தெரிவு கூட. பாவித்த ஹைபிரிட் பார்ப்பவர்கள் ஜப்பான் ஒக்ஷன் ஷீற்றை (அங்கே ஏலத்தில் விற்றபோது வாகனத்தின் நிலையும் கிலோமீற்றரும் எழுதிய தாள்) சேசி இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிலோமீற்றர் குறைத்துக் காட்டும் வேலை நடக்கிறது, எனக்குக் காட்டிய ஒரு வாகனத்திலேயே ஷீற்றும் மீற்றரும் ஒத்துவரவில்லை. ஸ்கேன் பண்ணி பற்றரித் தொகுதிகளுக்கிடையே வோல்ற்றேஜ் வித்தியாசம் கேளுங்கள். பிறகு பின் ஆசனத்தடி மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே மயிரும் தூசும் அடைந்திருந்தால், எவ்வளவு மினுங்கினாலும் விலையைக் குறைத்துத்தான் பேச வேண்டும். நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஏற மறுத்தால் அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள்.