ஸ்பொட் த ஸ்டேஷன்: வன்னியில் பயன்படுத்திப் பார்த்ததில்

சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் வீட்டுக்கு மேலால் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போகும் என்று சொல்லுகிற செயலி இது. நாசா வெளியிட்டது. 2012 இல் இணையத்தளமாகத் தொடங்கி, 2023 இறுதியில் போனுக்கும் வந்தது. காசு இல்லை, விளம்பரம் இல்லை. நான் வடஇலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்களிடம் தொலைநோக்கி கிடையாது. நல்ல இருட்டு தாராளமாக இருக்கிறது. இந்தச் செயலிக்கு அது போதும்.

பயன்படுத்துவது எளிது. ஊரைக் கொடுத்தால் வரப்போகும் நாட்களுக்கான நேரங்கள் பட்டியலாக வரும். எத்தனை மணிக்குத் தெரியத் தொடங்கும், எத்தனை நிமிடம் தெரியும், ஆகக்கூடியது எத்தனை பாகை உயரத்துக்கு வரும், எங்கே தோன்றி எங்கே மறையும் என்று எல்லாம் அதில் இருக்கும். போனை வானத்தை நோக்கிப் பிடித்தால் அது போகும் பாதையைத் திரையில் கோடாகக் காட்டும் வசதியும் உண்டு. அதற்குப் போனுக்குள் திசை அறியும் உணரி வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இருக்காது, இருந்தாலும் திசை பிசகும். அப்படியான போன் என்றால் கோட்டை விட்டுவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டி வைத்து எண்ணினால் உயரம் தெரிந்துவிடும். 40 பாகைக்குக் குறைவாக வருகிற நாட்களை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை, பாலை, முதிரை மரங்கள் மறைத்துவிடும்.

பின்னேரம் என்றால் மேற்குப் பக்கமாகத் தோன்றி ஏறி வரும். சிமிட்டாது, சத்தம் போடாது, உச்சிக்கு வரும்போது வெள்ளியைப் போலப் பிரகாசிக்கும். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில், 420 தொன் எடையோடு பூமியை 90 நிமிடத்துக்கு ஒருதடவை சுற்றுகிற பொருள் அது. நாங்கள் இருட்டில் நிற்கும்போதும் அந்த உயரத்தில் வெயில் படுகிறது. அந்த வெயிலைத்தான் நாங்கள் வெளிச்சமாகக் காண்கிறோம். கிழக்கே போகப் போகப் பூமியின் நிழலுக்குள் புகுந்து, அடிவானத்தைத் தொடமுதலே மங்கி இல்லாமல் போய்விடும். முதல்தடவை பார்க்கிற பிள்ளை "எங்க ரீச்சர் போயிட்டுது?" என்று கேட்கும். அந்த இடத்தில் நிழல் பற்றிய பாடத்தைத் தொடங்கினால் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் இருந்து இது அடிக்கடி தெரியாது. நிலையத்தின் பாதை பூமத்திய கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது, வடக்கிலும் தெற்கிலும் அந்த எல்லையை அண்டிய நாடுகளுக்கு மேலால்தான் கூடுதலாகத் திரியும். அதோடு ஐப்பசி தொடங்கித் தை வரை முகில். காலபோக மழை ஓய்ந்தபிறகு வானம் திறக்கும்.

நாங்கள் பார்க்கிற இடம் முத்தையன்கட்டுக் குளக்கட்டு. பெரியவர்களும் வந்து நிற்பார்கள். வன்னியில் முப்பது வயதைத் தாண்டிய எவருக்கும் வானத்தில் நகரும் ஒன்றைப் பார்த்தவுடன் முதலில் காதுதான் விழிக்கும். போர்க்காலத்தில் கிபிர் என்ற குண்டுவீச்சு விமானம் வருகிறதா, வண்டு என்று நாங்கள் சொல்லும் வேவு விமானம் சுற்றுகிறதா என்று கேட்டு வளர்ந்த காது அது. மாணவி ஒருத்தியின் அம்மம்மா அந்த வெளிச்சம் உச்சியைக் கடக்கும்வரை பேரப்பிள்ளையின் கையை விடவில்லை. "உதுக்குள்ள ஆக்கள் இருக்கினமோ?" என்று பிறகு கேட்டார். "இருக்கினம் அம்மா, வழக்கமா ஏழு பேர்" என்றேன். "என்ன செய்யினம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு 2025 ஆனி, ஆடியில் என்னிடம் நல்ல பதில் இருந்தது. இந்திய விமானப்படை அதிகாரி சுபான்ஷு சுக்லா ஜூன் 26 இல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1984 இல் ராகேஷ் சர்மா போனபிறகு பூமியைச் சுற்றும் பாதைக்குப் போன அடுத்த இந்தியக் குடிமகன் அவர்தான். அங்கே அவர் செய்த சோதனைகளில் ஒன்று பயறும் வெந்தயமும் முளைக்க வைப்பது. பயறு எங்கள் வயலில் விளைகிற சாமான். வகுப்பில் ஈரப் பஞ்சில் பயறு போட்டோம். வேர் எந்தப் பக்கம் போகிறது, தட்டைத் திருப்பி வைத்தால் வேர் எப்படி வளைகிறது, மேலே இருப்பவருக்கு வேர் எந்தப் பக்கம் போகும் என்று எழுதச் சொன்னேன். எடையற்ற நிலையில் வேர் எப்படித் திசை அறியும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வாதாடுவதை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

சரி, இனிக் காசு. பக்கத்துக் காணி ஐயா குளக்கட்டிலேயே நிறுத்திக் கேட்டார்: "பிள்ளை, உந்தக் காசுக்கு எத்தினை குளத்தைத் திருத்தியிருக்கலாம்?"

சிரித்துக் கடத்தக்கூடிய கேள்வி இல்லை அது. 2021 இல் உரம் இல்லாமல் விளைச்சலை இழந்தவர், அடுத்த ஆண்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர். நான் தொகைகளைச் சொன்னேன். நிலையத்துக்கு நாசா ஆண்டுதோறும் செலவழிப்பது ஏறக்குறைய 300 கோடி டொலர். நாசாவின் முழு ஒதுக்கீடு 2024 இல் கிட்டத்தட்ட 2,500 கோடி டொலர், அது அமெரிக்க மத்திய அரசின் செலவில் அரை வீதம்கூட இல்லை. அதே ஆண்டில் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவழித்தது 2.7 இலட்சம் கோடி டொலர் என்பது ஸ்டொக்ஹோம் சர்வதேச சமாதான ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. குளம் திருத்தும் காசை அந்தப் பெரிய தொகையில் இருந்து கேட்போம் ஐயா என்றேன்.

அவர் விடவில்லை. "அது சரி. ஆனா ஆக்களை ஏன் அனுப்ப வேணும்? மிசினை அனுப்பலாம்தானே?"

இதுதான் உண்மையான கேள்வி. வானிலைச் செயற்கைக்கோளுக்கு மனிதர் மேலே போகத் தேவையில்லை. ஜிபிஎஸ்ஸுக்கும் தேவையில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது நாங்கள் போனில் திரும்பத் திரும்பப் பார்த்த முகில் படங்களுக்கும் தேவையில்லை. மனிதரை அனுப்பவேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இந்த நன்மைகளையெல்லாம் தங்கள் கணக்கில் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். 2023 ஓகஸ்ட் 23 இல் நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கிய சந்திரயான்-3 இலும் மனிதர் இல்லை. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது என் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் மனிதர் போன இடத்தில் நடந்தவற்றையும் பாருங்கள். 1969 முதல் 1972 வரை அப்பலோ வீரர்கள் நிலவிலிருந்து கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. 1970களில் சோவியத்தின் மூன்று தானியங்கிக் கலங்கள் எல்லாமாகக் கொண்டுவந்தது ஏறக்குறைய 300 கிராம். அப்பலோ 17 இல் போன இருவர் மூன்று நாளில் வாகனத்தில் ஓடியது ஏறக்குறைய 36 கிலோமீற்றர். செவ்வாயில் ஒப்போர்ச்சுனிட்டி என்ற ஊர்தி 2004 முதல் 2018 வரை ஓடிய முழுத் தூரமே 45 கிலோமீற்றர்தான். ஹபிள் தொலைநோக்கி 1990 இல் பழுதான ஆடியோடு மேலே போனது. 1993 டிசம்பரில் ஆட்கள் போய்த் திருத்தினார்கள். 2009 வரை ஐந்து தடவை போய்ப் பராமரித்ததால்தான் அது இவ்வளவு காலம் உழைத்தது. கையால் தொட்டு, அந்த இடத்திலேயே யோசித்து முடிவெடுக்கிற வேலை என்று ஒன்று இருக்கிறது.

அதற்கு உயிரும் விலையாகப் போயிருக்கிறது. 1986 இல் சலஞ்சர் விண்ணோடத்தில் ஏழு பேர், 2003 பெப்ரவரி 1 இல் கொலம்பியாவில் கல்பனா சாவ்லாவோடு ஏழு பேர். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் படிப்பிக்கிறேன்.

ஆகவே அரசுகள் தொடர்ந்து காசு போடவேண்டுமா? வேண்டும் என்பதுதான் என் முடிவு. அதற்கு என் முதல் காரணம் கல்லும் இல்லை, ஹபிளும் இல்லை, இந்தச் செயலிதான். ஒட்டுசுட்டானில் ஒரு பிள்ளை வரி கட்டவில்லை, அனுமதி கேட்கவில்லை, ஆனாலும் நிலையம் எத்தனை மணிக்கு வருகிறது என்று அதற்குத் தெரிகிறது. நாசாவின் படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லாததால் அச்சடித்து வகுப்புச் சுவரில் ஒட்ட முடிகிறது. மேலே இருக்கும் வீரர்களோடு அமெச்சூர் வானொலியில் பேசப் பள்ளிக்கூடங்கள் விண்ணப்பிக்க முடிகிறது. இவையெல்லாம் பொதுப்பணத்தில் கட்டப்பட்ட ஒன்றில் இருந்துதான் கிடைக்கின்றன. எங்கள் நாட்டு இளைஞர்கள் இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தபோது செய்த ராவணா-1 ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய சின்னச் செயற்கைக்கோள். 2019 ஜூன் 17 இல் நிலையத்தின் ஜப்பானியப் பகுதியான கிபோவிலிருந்து அது விடப்பட்டது. நேபாளத்தின் முதல் செயற்கைக்கோளும் அதே தடவையில் விடப்பட்டது. சொந்தமாக ரொக்கெட் இல்லாத இரண்டு நாடுகளுக்கு அந்தக் கதவைத் திறந்தது பதினைந்து நாடுகள் சேர்ந்து காசு போட்டுக் கட்டிய வீடு. சண்டை, பகை எல்லாம் இருந்தும் அமெரிக்காவும் ரஷ்யாவும் இன்னும் அதைச் சேர்ந்தே நடத்துகின்றன. போர் பார்த்த ஊரில் இதைப் பெரிய விஷயமாகச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

எல்லாச் செலவுக்கும் தலையாட்டுவேன் என்று அர்த்தம் இல்லை. நிலவுக்குப் போக நாசா கட்டிய எஸ்எல்எஸ் ரொக்கெட்டையும் ஒரையன் கலத்தையும் ஒருதடவை ஏவ 410 கோடி டொலர் ஆகும் என்று நாசாவின் கணக்காய்வு அதிகாரியே 2022 இல் சொன்னார். நிலையத்தை ஓராண்டு நடத்துவதைவிட ஒரு ஏவுதலுக்குக் கூட. இது நியாயமான செலவாக எனக்குப் படவில்லை. இலங்கை மனிதரை அனுப்ப ஒரு சதமும் செலவழிக்கக்கூடாது, இன்னும் நூறாண்டுக்குக் குளமும் வைத்தியசாலையும் ஆய்வுகூடமும்தான் முதல். இந்தியா, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கும் தன் விண்நிலையத்தின் முதல் பகுதிக்குமான மொத்த ஒதுக்கீட்டை 2024 இல் 20,193 கோடி இந்திய ரூபாயாகக் கூட்டியது. அந்தக் காசில் கட்டப்போகும் நிலையத்தில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் இடம் வைக்கவேண்டும் என்று இப்போதே கேட்கவேண்டும்.

ஏனென்றால் இந்த நிலையம் நிரந்தரம் இல்லை. 2030 அளவில் மூடி, பிறகு பாதுகாப்பாகக் கடலில் விழுத்துவது திட்டம். அதைக் கீழே இழுக்கும் கலத்துக்கு ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தோடு 2024 ஜூனில் 84.3 கோடி டொலர் வரையான ஒப்பந்தமும் போட்டாயிற்று. அதன்பிறகு தனியார் கட்டும் நிலையங்களில் இடம் வாடகைக்கு எடுப்பதுதான் நாசாவின் எண்ணம். வாடகைக்கு எடுங்கள், பரவாயில்லை. ஆனால் வாடகை பொதுக்காசு என்றால் நேரமும் படங்களும் சோதனை முடிவுகளும் பொதுவாகவே இருக்கவேண்டும், சின்ன நாடுகளுக்கு ஒரு பங்கு இடம் எழுத்தில் இருக்கவேண்டும். அரசு காசு போடுவதை நிறுத்தினால் இந்த நிபந்தனைகளைக் கேட்க யாருக்கும் உரிமை இருக்காது.

செயலிக்கு வருகிறேன். பட்டியல் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து. நேரம் பிசகவே இல்லை, என் கடிகாரத்தைத்தான் அதற்கேற்பத் திருத்தினேன். திரையில் கோடு காட்டும் பகுதிக்கு, எங்கள் பக்கத்துப் போன்களில், மூன்று. நகரத்தில் நல்ல போன் வைத்திருப்பவர்கள் கூடக் கொடுக்கக்கூடும். வீட்டில் ஒருவர் போனில் இருந்தால் போதும், தெருவுக்கே சொல்லிவிடலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தந்தக் கிழமைக்கான நேரங்களை அறிவித்தல் பலகையில் சோக்கட்டியால் எழுதிவிடுகிறோம்.

மாசி, பங்குனியில் தொடங்குங்கள். பின்னேர நேரங்களை மட்டும் தெரிவுசெய்யுங்கள். விடியப்புறம் வருவது சிலவேளை இன்னும் பிரகாசமாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் குளக்கட்டில் யானை இறங்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.