பிடி-பிஎன்டி குமிழ் டோசிமீட்டர்: ஃபியூசர் ஓட்டுபவர்கள் வாங்கலாம், ஆனால் எக்ஸ்ரே மீட்டருக்குப் பிறகு

வீட்டுப் பட்டறையில் டியூட்டீரியம் ஃபியூசர் (வெற்றிட அறையில் கன ஹைட்ரஜன் அணுக்கருக்களை உயர் வோல்ட்டேஜால் மோதவிட்டு இணைக்கும் கருவி) ஓட்டுபவர்கள், நியூட்ரான் உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்க நம்பிக்கையோடு கையில் எடுப்பது பிடி-பிஎன்டி என்ற இந்தக் கதிர்வீச்சு அளவிக் குழாயைத்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சாக் ரிவரில் இயங்கும் பப்பிள் டெக்னாலஜி இண்டஸ்ட்ரீஸ் தயாரிப்பு. நீளம் சுமார் 15 செ.மீ. உள்ளே தெளிந்த ஜெல். அதில், கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவத்தின் நுண்துளிகள். வேக நியூட்ரான் வந்து மோதினால் துளி சட்டென்று ஆவியாகி, கண்ணுக்குத் தெரியும் குமிழாக அதே இடத்தில் நின்றுவிடும். பிறகு எண்ண வேண்டியதுதான்.

மின்சுற்று எதுவும் இல்லாததுதான் இதன் பெரிய பலம். 30, 40 கிலோவோல்ட்டில் சேம்பருக்குள் (ஃபியூசரின் வெற்றிட அறை) ஒரு ஆர்க் (மின்பொறி) அடித்தால், மின்சுற்றில் இயங்கும் நியூட்ரான் அளவிகளான ஹீலியம்-3 குழாயும் சின்டிலேட்டரும் அந்த மின் இரைச்சலையே நியூட்ரான் என்று எண்ணித் தள்ளும். குமிழ்க் குழாய்க்கு அந்தத் தொந்தரவு கிடையாது. காமாவுக்கும் எக்ஸ்ரேவுக்கும்கூட அது அசையாது.

வாங்கும்போது உணர்திறன் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு குழாயிலும் அதற்குரிய எண் எழுதியிருக்கும். ஒரு மைக்ரோசீவெர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு) டோஸுக்கு 2 குமிழ் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நொடிக்கு 10 லட்சம் நியூட்ரான் தரும் ஃபியூசரில், 2.45 எம்இவி (மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுக்கு 1 மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 12 மைக்ரோசீவெர்ட் வரும். ஒரு மணி நேரத்துக்கு 24 குமிழ். குழாயை 25 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் டோஸ் 16 மடங்கு. 10 நிமிடத்தில் 64 குமிழ், எண்ணிக்கையில் பிழை ஏறக்குறைய 8 குமிழ். தூரத்தைச் சேம்பர் சுவரிலிருந்து அளக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரிட்டின் (உயர் வோல்ட்டேஜ் கம்பிக் கூண்டு) மையத்திலிருந்து அளக்க வேண்டும். 25 செ.மீ.யில் 5 செ.மீ. தவறினால் விடை ஒன்றரை மடங்கு மாறிவிடும். இரண்டு மூன்று குமிழை வைத்து நியூட்ரான் எண்ணிக்கை அறிவிப்பதும் வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது வெப்பநிலையில். இது 20 முதல் 37 டிகிரி வரைக்கான குழாய். ஓடும் சேம்பர் நன்றாகச் சூடேறும். குழாயை அதில் ஒட்டி வைத்தால் நியூட்ரானே இல்லாமல் குமிழ் வரலாம். இடையில் காற்றோட்டம் விட்டு, பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே குழாயை அதன் இடத்தில் வைத்துவிடுங்கள். ஓடும்போது ஃபீட்த்ரூ (உயர் வோல்ட்டேஜ் கம்பி சேம்பருக்குள் நுழையும் இடம்) பக்கம் கை போகவே கூடாது. எண்ணி முடித்ததும் மூடியைத் திருகி அழுத்தம் கொடுத்தால் குமிழ்கள் மறையும். அன்றைக்கே இதைச் செய்யாமல் விட்டால் குமிழ்கள் பெருத்து ஜெல்லைக் கெடுத்துவிடும். பயன்படுத்தாத நேரத்தில் மூடி இறுகியே இருக்கட்டும்.

குமிழ் நிஜமா என்று சோதிக்க எளிய வழி உண்டு. குழாய்க்கும் சேம்பருக்கும் நடுவே 10 செ.மீ. பாரஃபின் மெழுகுக் கட்டியை வைத்து அதே வோல்ட்டேஜில், அதே நேரம் ஓட்டுங்கள். குமிழ் எண்ணிக்கை நன்றாகக் குறைய வேண்டும். ஹீலியம்-3 குழாயைச் சுற்றி மெழுகு வைப்பது வழக்கம். மெழுகு நியூட்ரானை மெதுவாக்கும்; அந்தக் குழாய்க்கு மெதுவான நியூட்ரான் வேண்டும். இதற்கு வேகமானதுதான் வேண்டும், ஆகவே மெழுகு சுற்றி அளக்காதீர்கள்.

ஆனால் குமிழே வராத ஃபியூசர் பாதுகாப்பானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தொடக்க நிலை ஃபியூசரில் உடம்புக்கு முதல் ஆபத்து எக்ஸ்ரே, அதற்கு இந்தக் குழாய் குருடு. 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் சுவர் 30 கேஇவி (கிலோ எலெக்ட்ரான் வோல்ட்) கதிரை முழுக்கவே நிறுத்தும். 50 கேஇவியில் நூறில் ஒரு பங்கு வெளியே வரும். பார்வைக் கண்ணாடியிலோ பெரும்பகுதி அப்படியே கடந்துவிடும். கண்ணை அங்கே வைக்கவே வேண்டாம், கேமரா வையுங்கள். அதன் முன்னால் ஈயக் கண்ணாடி, சுற்றிலும் 2 மி.மீ. ஈயத்தகடு. ஃபீட்த்ரூவின் பீங்கான் பகுதியையும் மறக்காமல் மறையுங்கள். அளப்பதற்கு அயனியாக்க அறை மீட்டர் நல்லது. சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் கதிருக்கு அளவுத்திருத்தம் செய்த சாதாரண கைகர் கவுண்ட்டர், 60 கேஇவி அருகில் பல மடங்கு கூட்டிக் காட்டும். தடித்த உலோகக் குழாய் உள்ளதோ 30 கேஇவிக்குக் கீழே ஒன்றுமே காட்டாமல் போகலாம்.

அந்த ஈயம் நியூட்ரானுக்கு உதவாது. அதற்கு ஹைட்ரஜன் நிறைந்த பொருள் வேண்டும். 20 செ.மீ. தண்ணீர்ச் சுவர் டோஸைத் தோராயமாகப் பத்தில் ஒன்றாக்கும். ஹைட்ரஜன் நியூட்ரானைப் பிடிக்கும்போது 2.2 எம்இவி காமா வரும்; மெழுகிலோ தண்ணீரிலோ போரான் உள்ள போராக்ஸ் உப்பைக் கலந்தால் அது குறையும். இடம் இருந்தால் தூரமே மலிவான கவசம்: 1 மீட்டரில் மணிக்கு 12 மைக்ரோசீவெர்ட் என்பது 4 மீட்டரில் 0.75 ஆகிவிடும். பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவெர்ட். 1 மீட்டரிலேயே உட்கார்ந்திருந்தால் 83 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். கன்ட்ரோல் பெட்டியைத் தள்ளிவைக்க நீளமான கேபிளை முதலிலேயே வாங்குங்கள். குழாயின் ஆயுள் மாதக் கணக்குதான் என்பதால், டியூட்டீரியம் சிலிண்டர் கைக்கு வந்து வோல்ட்டேஜ் 30 கிலோவோல்ட்டைத் தாண்டி நிலையாக நிற்கும்போது ஆர்டர் கொடுத்தால் போதும்.