கானல் நீரும் பத்துக் காசும்: ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம்

தத்துவம் படிக்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தைத்தான். 1995-இல் எட்வர்ட் ஸால்ட்டா தொடங்கிய இணையதளம், இன்றைக்கு 1,700-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. துறை அறிந்தவர் எழுதி, வேறு அறிஞர்கள் படித்துப் பார்த்த பிறகுதான் எதுவும் ஏறும். கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லும் நச்சரிப்பும் கிடையாது.

நான் அதிகம் மேய்வது அறிவு, மொழி, அறிவியல் பற்றிய பகுதிகளில். 'அறிவு' என்பதை அலசும் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நம்புகிறோம், அது உண்மையாகவும் இருக்கிறது, நம்பத் தக்க காரணமும் இருக்கிறது. அப்படியானால் அது அறிவுதானே? போதாது என்று 1963-இல் மூன்றே பக்கத்தில் காட்டினார் எட்மண்ட் கெட்டியர். ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று ஸ்மித்துக்கு நம்பகமான தகவல், ஜோன்ஸின் பையில் இருந்த பத்துக் காசையும் எண்ணிவிட்டார், ஆகவே வேலை கிடைக்கப்போகிறவர் பையில் பத்துக் காசு இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது, அவருக்கே தெரியாமல் அவர் பையிலும் பத்துக் காசு! நினைத்தது சரிதான், ஆனால் அவருக்கு அது 'தெரியும்' என்று சொல்ல வாய் வருமா?

இதே கட்டுரை இன்னொரு உதாரணத்தையும் தருகிறது, எனக்கு அதுதான் உயிர். வெயிலில் தண்ணீர் தேடி அலைகிறோம், தூரத்தில் தண்ணீர் தெரிகிறது. உண்மையில் அது கானல். ஆனால் அங்கே போனால் ஒரு பாறைக்கு அடியில் நிஜமாகவே தண்ணீர். கி.பி. 770 வாக்கில் இந்தியப் பௌத்த அறிஞர் தர்மோத்தரர் சொன்னது இது, அதாவது கெட்டியருக்கு ஏறக்குறைய 1,200 ஆண்டு முன்பு. மணிமேகலையில் அறவண அடிகள் 'அளவை இரண்டே' (அறியும் வழிகள் இரண்டுதான்) என்று காட்சியையும் கருத்தையும், அதாவது நேரில் காண்பதையும் ஊகித்து அறிவதையும், எடுத்துச் சொல்லும் இடத்தைப் படித்தவர்களுக்கு இந்த வாதம் அந்நியமாகவே தோன்றாது.

அப்புறம் அறிவியல் தத்துவம் பேசிய கார்ல் பாப்பர். 'பொய் என்று காட்ட வழி இருந்தால்தான் அறிவியல்' என்ற ஒற்றை வரியோடு அவரை முடித்துவிடுகிறோம். இங்கே போய்ப் படித்தால், தர்க்கப்படி ஓர் எதிர்ச்சான்று போதும், நடைமுறையில் அப்படி ஒரே சோதனையில் கோட்பாட்டைத் தூக்கி எறிய முடியாது என்று அவரே பிரித்துச் சொன்னது தெரியவரும். அறிவியல் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்த தாமஸ் கூனும் அப்படியே. எதற்கெடுத்தாலும் சிந்தனைச் சட்டகம் என்ற பொருளில் 'பாரடைம்' என்கிறோமே, மாணவர்கள் போட்டுப் போட்டுப் பழகும் மாதிரிக் கணக்குகளைத்தான் அந்தச் சொல்லின் ஆழமான பொருளாக அவர் கருதினார் என்று படித்தபோது, பள்ளியில் சாய்தளக் கணக்குகளை வரிசையாகப் போட்ட நாள்கள் நினைவுக்கு வந்தன, சட்டென்று புரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. எல்லாக் கட்டுரையும் ஒரே தரத்தில் எளிமையாக இருக்காது. மொழித் தத்துவத்தில் சில இடங்களில் தர்க்கக் குறியீடுகள் வரிசைகட்டி நிற்கும், முன்பயிற்சி இல்லாதவர்கள் அங்கே திணறுவார்கள். அப்படிப்பட்டவர்கள் 'பொருள் பற்றிய கோட்பாடுகள்' கட்டுரையின் தொடக்கத்தையாவது படிக்கலாம்: ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பது ஒரு கேள்வி, எதனால் அந்தப் பொருள் வந்தது என்பது முற்றிலும் வேறு கேள்வி. இந்தப் பிரிவினை ஒன்று பிடிபட்டாலே பாதி குழப்பம் தீரும். படங்கள் அபூர்வம், எழுத்து நெருக்கம், கைபேசியில் நீளக் கட்டுரை படித்தால் கண் வலிக்கும். பிடிஎஃப் வேண்டுமென்றால் சிறு ஆண்டுச் சந்தா கட்டி 'நண்பர்கள்' குழுவில் சேர வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் இருக்கும் தேதிகள். முதலில் வெளியானது எப்போது, கடைசியாகப் பெரிய திருத்தம் எப்போது என்று இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுத் தளத்தையும் அப்படியே பதிந்து வைக்கிறார்கள், அதனால் பழைய வடிவத்தையும் எடுத்துப் பார்க்கலாம். ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் மேற்கோள் காட்டும்போது அந்தப் பதிவின் சுட்டியைக் கொடுங்கள், கட்டுரை நாளை மாறினாலும் நீங்கள் படித்தது அங்கேயே இருக்கும்.