கப்பலில் அனுப்புவதா, பெட்டியோடு போவதா? கென்யா திரும்பும் ஒரு மிஷனெரி வீட்டின் கணக்கு

விடுப்பு முடிந்து பணித்தளத்துக்குத் திரும்பும் நாள் நெருங்கினால், எங்களைப் போன்ற மிஷனெரி வீடுகளில் முதலில் எழும் வாக்குவாதம் சாமான்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். பாளையங்கோட்டையில் சேர்ந்துவிட்ட வீட்டுச் சாமான்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி மொம்பாசாவுக்கு அனுப்புவதா? அல்லது விமானத்தில் அனுமதிக்கும் பெட்டிகளோடு புறப்பட்டு, மற்றதையெல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்வதா? நாங்கள் திரும்பப் போவது மேற்குக் கென்யாவில், எல்கன் மலைக்குப் பக்கத்தில் உள்ள கிட்டாலேக்கு. பெட்டிகளோடு போவது என்று முடிவு செய்துவிட்டோம். என் மனம் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. நடுநிலையாக எழுதுவதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் கப்பல் வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களுக்கும் நியாயம் உண்டு. அதையும் சொல்கிறேன்.

எல்லோரும் அறிந்ததை முதலில் முடித்துவிடலாம். விமானம் விரைவு, இடம் குறைவு. கப்பல் தாமதம், இடம் தாராளம். எங்கள் டிக்கெட்டில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ; நான்கு பேருக்கு 184 கிலோ. துணி, புத்தகம், பாத்திரம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கப்பலில் எடையைவிடச் சரக்கு அடைக்கும் இடம்தான் கணக்கு; கன மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். முழு கன்டெய்னர் எடுக்கும் வசதி எங்களைப் போன்ற மிஷனெரிகளுக்கு இருக்காது. ஆகவே பலருடைய சரக்கோடு நம்முடையதும் ஒரே கன்டெய்னரில் போகும்.

கப்பலின் பக்கம் உள்ள நல்லவை எவை? முதலாவது, புத்தகங்கள். வேதாகம விளக்கவுரைகளும் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களும் எடையில் விமானப் பெட்டியைத் தின்றுவிடும். கிட்டாலேயில் தமிழ்ப் புத்தகம் கிடைக்க வழியே இல்லை. இரண்டாவது, ஆர்மோனியம் போன்றவை. மூன்றாவது, இதைச் சிறிதென்று நான் எண்ணவில்லை, பிள்ளைகள். இடம் மாறி இடம் மாறி வளரும் பிள்ளைக்குத் தன் மேசையும் தன் சைக்கிளும் வந்து சேர்வது ஒரு பெரிய ஆறுதல். எட்டு வயதுப் பெண், "என் மேசையும் வருமா அம்மா?" என்று கேட்கும்போது கன மீட்டர் கணக்கைச் சொல்லி வாயடைக்க முடியாது.

இனி கப்பல் சரக்கு போகும் பாதையைப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி, மொம்பாசாவில் இறங்குவது வழக்கமான வழி. அங்கிருந்து சரக்கு ரயிலில் நைரோபியின் உள்நாட்டு கன்டெய்னர் கிடங்குக்குப் போகலாம். பிறகு லாரியில் கிட்டாலேக்கு இன்னும் 380 கிலோமீட்டர் அளவு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு கட்டணம், ஒரு காகிதம். தூத்துக்குடியில் சொல்லும் கப்பல் கட்டணத்தை மட்டும் கேட்டு மனம் மகிழ்ந்துவிடாதீர்கள். இறங்கும் துறைமுகத்துக் கட்டணங்கள், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்டின் கூலி, காகிதம் தாமதமானால் நாள்தோறும் ஏறும் கிடங்கு வாடகை ஆகியவை சேர்ந்து கப்பல் கட்டணத்தையே தாண்டிவிடக்கூடும்.

சுங்கவரி தனிக் கதை. கென்யா உள்ளிட்ட நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தின் பொதுச் சுங்க முறையில், உபயோகத்துக்குத் தயாரான பொருள்களுக்குப் பொதுவாக 25 சதவீதமும், சிலவற்றுக்கு 35 சதவீதமும் வரி. அதற்கு மேல் கென்யாவின் 16 சதவீத மதிப்புக் கூட்டு வரி. குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருகிறவரின் வீட்டுச் சாமானுக்கு விலக்கு உண்டு. பொருள்கள் முன்பு குடியிருந்த இடத்தில் நம் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். நாம் வந்திறங்கிய 90 நாள்களுக்குள் சரக்கும் வந்துசேர வேண்டும். இந்த விலக்கு விடுப்பு முடித்துத் திரும்புகிற நமக்குத் தானாகவே பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். கென்யாவில் நம் குடியிருப்பு அனுமதி தொடர்ந்து நடப்பில் இருந்தால், 'நீங்கள் எப்போது குடியிருப்பை மாற்றினீர்கள்?' என்ற கேள்வி வரும். இதற்கு ஏஜெண்டிடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு பெட்டியைக்கூட ஆணி அடித்து மூடக் கூடாது.

இவ்வளவும் பணமும் பொறுமையும் இருந்தால் கடந்துவிடக்கூடியவை. என் முடிவைத் தீர்மானித்தது வேறு: பழுது. ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைத் திறந்து பார்க்க அந்த ஊரில் ஆள் இருக்கிறாரா, அதற்கு உதிரிப் பாகம் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

கிட்டாலேயில் நாங்கள் முதலில் குடியேறிய வீட்டில், எங்களுக்கு முன் இருந்த குடும்பம் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சலவை இயந்திரம் ஒன்று இருந்தது. நல்ல இயந்திரம்தான். கென்யாவில் மின்சாரம் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் ஊர்ச் சாதனங்கள் அங்கே ஓடும். பிளக்கை மட்டும் மூன்று தட்டை முள் உள்ள பெரிய பிளக்காக மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும். வரும்போது ஒரு துள்ளலோடு வரும். அப்படி ஒரு மாலையில் இயந்திரத்தின் மின்பலகை எரிந்துபோயிற்று. ஊர் ஃபுண்டியை அழைத்தோம். எந்த வேலைக்கும் கைத்தொழில் தெரிந்தவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவர் பின்மூடியைக் கழற்றி, கருகிய பலகையை வெளியே எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, மோட்டார் நன்றாக இருக்கிறது, டிரம் நன்றாக இருக்கிறது. இந்தப் பலகை மட்டும் எல்டோரெட்டிலும் கிடைக்காது, நைரோபியிலும் கிடைக்காது" என்றார். ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலம் பலகை வரவழைத்தோம்; அது அதே நிறுவனத்தின் வேறு மாடலுக்கு உரியதாக இருந்தது. கடைசியில் அந்தத் துளையிட்ட எஃகு டிரம், ஜுவா காலி என்று அங்கே சொல்லும் திறந்தவெளிக் கைத்தொழில் பட்டறை ஒன்றில் கரி அடுப்பானது.

அதே ஃபுண்டி, அங்கே வாங்கிய எங்கள் குளிர்பதனப் பெட்டி நின்றுபோனபோது சைக்கிளில் போய் உதிரிப் பாகம் வாங்கிவந்து, மதியத்துக்குள் ஓடவைத்துவிட்டார். கூலியை எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் அனுப்பினேன். அந்தப் பெட்டி இந்தியப் பெட்டியைவிடத் தரமானது என்று சொல்ல மாட்டேன். அதே வகைப் பெட்டி அந்தத் தெருவிலேயே பல வீடுகளில் இருந்தது. ஆகவே அதன் நோயும் மருந்தும் அவருக்கு மனப்பாடம்.

மரச் சாமான்களுக்கு இது இன்னும் பொருந்தும். சாலையோரப் பட்டறைகளில் கட்டிலும் சோபாவும் கண்முன்னே செய்து தருகிறார்கள். கால் ஆடினால் செய்தவரிடமே கொண்டுபோகலாம். இங்கிருந்து தேக்குக் கட்டிலைக் கப்பலேற்றுவதற்கு, தாத்தா வீட்டுக் கட்டில் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கப்பலேற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அடைக்கும் மரப்பெட்டியில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும். பூச்சி இல்லாதபடி பதப்படுத்திய மரம் என்பதற்கு அதுவே அடையாளம்.

பழுதோடு ஒட்டி வருவது மறுவிற்பனை. மிஷனெரி வாழ்க்கையில் எந்த வீடும் நிலையல்ல. விடுப்புக்கு வருமுன் வீட்டைக் காலி செய்தபோது அங்கே வாங்கிய அடுப்பு, கட்டில், குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் சபைக் குடும்பங்களும் நல்ல விலைக்கே வாங்கிக்கொண்டார்கள். யார் பழுது பார்ப்பார் என்று தெரிந்த பொருளைத்தான் மக்கள் தைரியமாக வாங்குவார்கள். பெயர் தெரியாத பொருளைப் பாதி விலைக்குக் கேட்பார்கள், அல்லது கேட்கவே மாட்டார்கள். மேலும், வரிவிலக்கில் கொண்டுவந்த பொருளை விலக்கு இல்லாத ஒருவருக்கு விற்றால் விட்டுக்கொடுத்த வரியைக் கட்டும் பொறுப்பு வந்து நிற்கும். இது பலர் யோசிக்காத முடிச்சு. நாம் செலவழிப்பது காணிக்கைப் பணம். மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துவைத்து அனுப்பும் பெரியவர்களின் பணம். விற்றால் திரும்பி வரும் பொருளில் அதைப் போடுவதற்கும், பட்டறையில் கரி அடுப்பாக முடியும் பொருளில் போடுவதற்கும் நாம் அவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள்.

அப்படியானால் 184 கிலோவில் எதை வைப்பது? கெடாதது, அல்லது கெட்டால் மாற்றவேண்டிய பாகம் உள்ளங்கையில் அடங்குவது. எங்கள் பெட்டியில் முதல் இடம் பிரஷர் குக்கருக்கு. கிட்டாலே கடல்மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. வெறும் பாத்திரத்தில் பருப்பு வேகும், குழையாது. குக்கர் அங்கும் கிடைக்கும், ஆனால் நம் அளவுக்கு ஏற்ற கேஸ்கட் கிடைப்பது சிரமம். ஆகவே குக்கரோடு கேஸ்கட், சேஃப்டி வால்வு, வெயிட் ஆகியவற்றைக் கூடுதலாக வாங்கிவிட்டோம். எல்லாம் சேர்ந்து ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கிவிட்டன.

அடுத்தது டேபிள் டாப் கிரைண்டர். இதைப் பற்றி வீட்டில் பேச்சு நடந்தது. "பன்னிரண்டு கிலோ கல்லைச் சுமந்துகொண்டு போக வேண்டுமா? பெரிய கிரைண்டரையே கப்பலில் போட்டுவிடு, நான் பணம் தருகிறேன்" என்றார் என் அத்தை.

"பெரியதில் மோட்டார் போனால் அங்கே யாரும் தொட மாட்டார்கள் அத்தை. சின்னதில் போவது பெல்ட்தான். இரண்டு பெல்ட் எடுத்துக்கொண்டால் அடுத்த விடுப்புவரை ஓடும்" என்றேன். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் பெல்ட் வாங்க அவர்தான் கடைக்குப் போனார். மிக்ஸிக்கும் இதே விதி: ஜாரின் அடியில் உள்ள கப்ளர், வாஷர், பிளேடு. போனமுறை கப்ளர் தேய்ந்தபோது ஃபுண்டி பழைய டயர் ரப்பரில் ஒன்று வெட்டிப் பொருத்தினார். கொஞ்ச காலம் ஓடியது. திறமையான கைதான், ஆனால் தேங்காய்ச் சட்னிக்கு டயர் வாசம் ஏறுவதை என் பிள்ளைகள் மன்னிக்கவில்லை.

கேஸ் அடுப்பும் ரெகுலேட்டரும் அங்கேயே வாங்க வேண்டியவை. துவரம்பருப்பைச் சுமக்க வேண்டாம், கென்யாவிலேயே விளைகிறது. உளுந்து நைரோபியின் பார்க்லாண்ட்ஸ் பகுதி இந்தியக் கடைகளில் கிடைக்கும். இட்லி அரிசிதான் சரியாக அமையாது. பொடி வகைகளை எவர்சில்வர் டப்பாக்களில் அடையுங்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கடைப் பைகளுக்குத் தடை இருக்கிறது. ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பைகளையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு மஞ்சப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக் கன்று, விதை போன்றவற்றைப் பெட்டிக்குள் ஒளித்துவைக்காதீர்கள். தாவர நலச் சான்று கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி முன்பே போட்டுச் சான்று வாங்கியிருந்தால் மறுபடி வேண்டியதில்லை, அந்தச் சான்று வாழ்நாளுக்கும் செல்லும். விடுப்பில் பிறந்த குழந்தை இருந்தால் மட்டும் நாள் கணக்குப் பாருங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று நடைமுறைக்கு வரும்.

புத்தகங்களுக்கு நாங்கள் கண்ட வழி, அவற்றை இரண்டாகப் பிரித்ததுதான். பிள்ளைகளின் தமிழ்ப் பாடப் புத்தகங்களும் கதைப் புத்தகங்களும் எங்களோடு வருகின்றன. என் கணவரின் விளக்கவுரைகளில் பெரும்பகுதி மடிக்கணினிக்கு மாறிவிட்டது. அவருக்கு அதில் மனநிறைவு இல்லை. ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிய பிரதிகளைக் கணினி ஈடுசெய்யாது என்கிறார். அது உண்மைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. மகளின் மேசை வரவில்லை. போனதும் அவளையே பட்டறைக்கு அழைத்துப் போய், அவள் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்யச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

நான் சொல்வது கிட்டாலே, எல்டோரெட் போன்ற கடைகளும் பட்டறைகளும் உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். வறண்ட வடக்கில், லோட்வார் பக்கம் நான் குடித்தனம் நடத்தியதில்லை. அங்கே வாங்குவது என்றாலே லாரியில் நெடுந்தொலைவு வரவேண்டியதாக இருக்கும், ஆகவே கணக்கு மாறக்கூடும். மருத்துவமனைக்கு உபகரணம் கொண்டுபோகும் மருத்துவர் குடும்பங்களுக்கு வேறு விலக்கு முறைகள் உண்டு. அவர்கள் மருத்துவமனை நிர்வாகத்தின் பெயரில் அனுப்புவதே நல்லது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், செய்து பார்த்த அனுபவம் இல்லை.

கப்பல்தான் என்று முடிவெடுத்தவர்கள் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். மின்சாதனங்களை நீக்கிவிட்டுப் புத்தகம், பாத்திரம், இசைக்கருவி என்று கெடாதவற்றை மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளதை ஆங்கிலத்தில் பட்டியலிட்டு, மிஷனெரி அனுமதியின் நகலோடு ஏஜெண்டிடம் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். நீங்கள் போய் இறங்கிய பிறகு சரக்கு வரும்படி நாளைக் குறியுங்கள். சரக்கு முந்திக்கொண்டால் கிடங்கு வாடகை உங்கள் தலையில்தான் விழும்.